உமிழ்நீரின் பன்னிரண்டாம் இடம்

நண்பகல் சாய்ந்து, கூரைகளின் நிழல் தெருவில் ஒரு பாதியைத் தனதாக்கிக்கொண்ட பொழுது அது. காலையில் பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் கல்பாவிய வீதிகளில் இன்னும் காயாதிருக்க, ஆற்றின் இரு கரையிலும் நெருங்கி எழுந்த மாடங்களின் பலகணிகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திறந்துகொள்ள, படகுத்துறையில் பொதி இறக்குவோர் நனைந்த தோள்துணியைப் பிழிந்து உதறி மீண்டும் தோளிலிட, பள்ளி விட்ட சிறுமியர் தேங்கிய நீரை நாடி நாடி மிதித்து நடக்க, அந்நகரம் குளித்தெழுந்த குழந்தைபோல் பொலிந்து விளங்கிற்று. அதன் மேட்டுத் தெருவில், துணிக்கடை ஒன்றுக்கும் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கும் நடுவே, எழுத்து மங்கிய பெயர்ப்பலகை தாங்கி நின்றது ஒரு மூன்றடுக்குக் கட்டடம். தெருவார் அதனைச் 'சொல்வீடு' என்று அழைத்தனர். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் அவர்களுள் ஒருவர்க்கும் தெரியாது.

நடந்தது ஒரே ஒரு வேலைதான்; அதுவும் முப்பது ஆண்டுகளாக. தொன்மொழியில் எழுதப்பட்ட மறைநூல் ஒன்றின் சொற்களையெல்லாம் ஒன்று விடாமல் திரட்டி, ஒவ்வொன்றும் அந்நூலில் எவ்வெவ்விடத்தில் வருகிறது, வந்த இடத்தில் என்ன பொருள் தருகிறது என்று வகுத்து, அகரமுதலி ஆக்கும் வேலை அது. ஓர் இடத்துக்கு ஓர் அட்டை. அட்டையின் நடுவே சொல், அதன்கீழ் அது வரும் அடி, இடப்பக்கம் பொருள், வலப்பக்க மேல்மூலையில் எந்தப் பதிப்பில் கண்டது என்னும் குறிப்பு, அடியில் கண்டெடுத்தவரின் கையொப்பம். பொய் என்று விலக்கப்பட்ட அட்டை, அட்டைகளை அடுக்கிவைக்கும் பேழைக்குள் மீண்டும் வரவேண்டுமாயின், அதனை முதலில் கண்டெடுத்தவரே மறுபடியும் கையொப்பமிடல் வேண்டும். அவர்க்காகப் பிறர் இடுதல் ஆகாது. இவ்வொழுங்குகளையெல்லாம் வகுத்தவர் அவ்வீட்டின் தலைமைத் தொகுப்பாசிரியர். அறுபத்தாறு அகவை; நெட்டை உருவம்; சொன்னால் சொன்னதுதான். அதனால் கீழ்த்தளத்தில் அட்டை அடுக்குவோர் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைக் 'கல்வெட்டு' என்றனர். அங்கே அவருடைய தம்பியும் ஒரு காலத்தில் பணியாற்றினார் ஆதலின், நாம் இவரை மூத்தவர் என்றே குறிப்போம்.

அன்று பிற்பகல் மூத்தவர் மேல்தள அறையில், மரப்பெட்டி ஒன்றின் முன் குனிந்திருந்தார். தொலைவூரில் மறைந்த புலவர் ஒருவரின் மக்கள், வீட்டில் இடம் அடைக்கின்றன என்று தந்தையின் நூல்களைப் பெட்டியிலிட்டு அனுப்பியிருந்தனர். அவற்றுள் மறைநூலின் மிகப் பழைய அச்சுப்பதிப்பு ஒன்று, பூச்சி அரித்த ஓரங்களுடன், ஆனால் ஓர் ஏடும் குறையாமல் கிடந்தது. அச்சகத்துக்கு அனுப்பவேண்டிய ஏழாம் தொகுதியில் கடைசிச் சொல் ஒன்று மட்டும் எஞ்சியிருந்த வேளை அது. வாயில் ஊறும் நீரைக் குறிக்கும் பழஞ்சொல் அது. நம் மொழியில் உமிழ்நீர் எனலாம். அதன் பதினோர் இடங்களையும் இப்பழம்பதிப்போடு ஒப்புநோக்கிவிடலாமே என்று மூத்தவர் அதனைக் கையிலெடுத்தார்.

அச்சொல்லால்தான் அவர் புகழ்பெற்றார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மறைநூலில் அது வரும் பதினோர் இடத்தும் இகழ்ச்சிப் பொருளே தருகிறது என்று அவர் எழுதிய நீண்ட கட்டுரை, அறிஞர் அவைகளில் பல்லாண்டு பேசப்பட்டது. தோற்ற வேந்தனின் தாடியில் வழிந்த உமிழ்நீர், கூலி மறுத்த நிலக்கிழானின் முதுகுக்குப் பின் வேலையாட்கள் துப்பிய உமிழ்நீர், அறிவு திரிந்தவனின் வாயோரம் நுரைத்த உமிழ்நீர் என ஒவ்வோர் இடத்தையும் எடுத்துக்காட்டி, அச்சொல்லுக்குள்ளேயே இழிவு குடியிருக்கிறது என்று அவர் நிறுவினார். எல்லாவற்றிலும் கடுமையானது ஏழாம் இடம். 'நூலில் இல்லாததை உண்டென்று கூட்டியவனை வாயிலில் நிறுத்தி அவன் முகத்தில் உமிழுங்கள்' என்பது அவ்விடத்தின் ஆணை. மூத்தவர் அதனைக் கற்றார், கற்பித்தார்; படிப்பவரே, ஒருநாள் அதன்படி செய்தும் விட்டார்.

எட்டாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது அது. மூத்தவரைவிடப் பத்தாண்டு இளையவரான தம்பி, அட்டை திரட்டுவதில் ஓயாதவர். எங்கெங்கோ போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து பேழையை நிரப்புவார். ஆகவே அவர்க்குக் கீழ்த்தளத்தார் இட்ட பெயர் எறும்பு. அப்பெயரைச் சொல்லி அழைத்தால், 'என்ன?' என்று திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் இயல்பினர். அறிஞர் பலர் கூடிய அவையொன்றில் அண்ணன் அக்கட்டுரையைப் படித்து முடித்ததும் அவர் எழுந்து, அச்சொல் இகழ்ச்சியன்றி வந்த பன்னிரண்டாம் இடமும் ஒன்று உண்டு என்று, தம் இளமையில் எழுதிவைத்த பழைய அட்டை ஒன்றை நீட்டினார். அவையில் ஒரு சலசலப்பு எழுந்தது. அண்ணனின் முகம் கறுத்தது. அட்டையில் அடி இருந்தது, பொருள் இருந்தது, கையொப்பம் இருந்தது. வலப்பக்க மேல்மூலை மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. எந்தப் பதிப்பில் கண்டது என்று எழுத மறந்திருந்தார். சொல்வீட்டுக்காரர்களைத் தவிர வேறெவரும் செய்ய முடியாத பிழை. சொல்வீட்டுக்காரர்களைத் தவிர வேறெவரும் பிழையென்றே கருதாத பிழை.

மூன்று திங்கள் தேடினார்கள். வீட்டிலிருந்த பதிப்புகள் எதிலும் அவ்வடிகள் இல்லை. ஒருநாள் காலை, பன்னிருவர் அமர்ந்து பணிசெய்யும் கூடத்தின் வாயிலில் மூத்தவர் தம்பியை நிறுத்தினார்.

"எங்க இருக்குன்னு காட்டு."

"பாத்தேண்ணா. கண்ணால பாத்துத்தான் எழுதினேன். எந்தப் பதிப்புன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

"எல்லாரும் தேடியாச்சு. எங்கயும் இல்ல. அவையில என்னை மட்டம் தட்டணும்னு இல்லாததை எழுதிட்டே. அதானே?"

"சத்தியமா இல்லண்ணா. இருக்கு."

"இல்லாததை எழுதினவன்டா நீ," என்று சொல்லி, மூத்தவர் தம்பியின் முகத்தில் உமிழ்ந்தார்.

இளையவர் கன்னத்தைத் துடைக்கவில்லை. பின்பு தம் மேசைக்குப் போய் எழுதுகோல்களை ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டு வெளியேறினார். மறுநாள் முதல் வரவில்லை. விதைக்கிடங்கு ஒன்றில் பைகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலைக்குப் போயிருப்பதாகப் பிறகு செவிவழிச் செய்தி வந்தது. அவர் பெயரை இனி இங்கே எவரும் எடுக்கலாகாது என்றார் மூத்தவர். எவரும் எடுக்கவில்லை.

இனி அந்த மரப்பெட்டிக்கு வருவோம். பத்து இடங்களை ஒப்புநோக்கி முடித்துப் பதினோராம் இடத்துக்காக முற்றுகைப் பாடலைத் திருப்பிய மூத்தவர், அப்பாடல் வழக்கமாய் முடியும் அடியில் முடியாமல் மேலும் ஒன்பது அடிகள் தொடர்வதைக் கண்டார். சில சுவடிகளிலேயே உள்ளன என்னும் காரணத்தால் பின்வந்த பதிப்பாசிரியர்கள் அவற்றை நீக்கியிருக்க வேண்டும். பகைவர் நகரைச் சூழ்ந்து கிணறுகளைத் தூர்த்தபின் ஒரு வீட்டினுள் நிகழ்வதைச் சொல்லும் அடிகள் அவை. 'தாய் தன் நாவைத் தொட்டாள். விரலில் சிறிது ஈரம் பட்டது. அவ்வுமிழ்நீரை மகனின் உதட்டில் இட்டாள். அவளிடம் வேறொன்றும் இல்லை.' எழுத்துக்கு எழுத்து, தம்பி அன்று நீட்டிய அட்டையில் இருந்த அடிகள்! மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து படித்தார். அடிகள் மாறவில்லை.

ஓடிப்போய்த் தம்பியின் காலில் விழுந்தார் என்று எழுத எனக்கும் விருப்பந்தான். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. நூலை மேசையின் இழுவறையில் வைத்துப் பூட்டினார். அன்றிரவு உண்ணவில்லை. மறுநாள் சொல்வீட்டில் எவரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை. கடிதம் எழுதி அனுப்பிவிடலாம் என்று தொடங்கி, 'அன்புள்ள தம்பிக்கு' என்பதற்கு மேல் ஓடாமல் கிழித்தார். அகரமுதலி வெளிவந்தபின் தானே தெரிந்துகொள்ளட்டுமே என்று ஒருகால் எண்ணினார். பன்னிரண்டாம் இடம் அச்சேறினால் தம் கட்டுரை என்னாகும் என்று மறுகால் எண்ணினார். இழுவறையைத் திறந்து, பார்த்து, மீண்டும் பூட்டினார். இப்படி இரண்டு நாள் கழிந்தது. மூன்றாம் நாள் காலை, நூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கி, பேழைகளைக் காக்கும் அம்மையாரின் முன் போய் நின்றார்.

"தம்பி இப்ப எங்க குடியிருக்கான்னு உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மையார் கையிலிருந்த அட்டைக்கட்டைக் கீழே வைத்தார். "எட்டு வருஷமா இதைக் கேப்பீங்கன்னு பாத்துட்டிருந்தேன் ஐயா. இனிமே கேக்க மாட்டீங்கன்னு போன வாரந்தான் விட்டேன்."

"போன வாரம் என்ன?"

"போய்ப் பாத்துட்டு வந்தேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில கெடக்காரு. தொண்டையில கட்டி. இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"பேரையே எடுக்கக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே. கல்வெட்டுல பொறிச்சதை..." என்று தொடங்கிய அம்மையார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேறொரு நாளாயிருந்தால் மூத்தவர் சினந்திருப்பார். அன்று அச்சொல் அவர்க்குக் கேட்டது, வலித்தது, தகும் என்றும் தோன்றியது. குடையை எடுக்க மறந்து தெருவில் இறங்கினார்.

ஆற்றுப்பாலத்தைக் கடந்து, மருத்துவமனையின் நான்காம் தளத்தில், சுண்ணாம்பும் மருந்தும் மணக்கும் நீண்ட நடைவழியின் கோடியில், மரவிசிப்பலகை ஒன்றில் இளையவரின் மனைவி அமர்ந்திருந்தாள். மடியில் ஒரு சிறு கிண்ணம், அதில் நீர், நீரில் பஞ்சு. மூத்தவரைக் கண்டதும் எழுந்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீங்க மாமா? அன்னைக்குத் துப்பினதுல மிச்சம் ஏதாவது இருக்கா?"

"இல்லம்மா. அவன்கிட்ட ஒரு பக்கம் காட்டணும்."

"பக்கமா? மனுஷன் போயிட்டே இருக்காரு, இவரு பக்கம் காட்ட வந்தாராம்!" அவள் குரல் உயர்ந்து, உடனே உடைந்தது. "கழுத்துல கரண்டு வெச்சுச் சுட்டதுல வாய் காஞ்சே போச்சு. ஒரு சொட்டு எச்சில் ஊறமாட்டேங்குது. நாக்கு மரக்கட்டையாட்டம் கெடக்கு. அரைமணிக்கொரு தரம் இந்தப் பஞ்சால நனைச்சுவிடறேன். இந்தக் கோலத்துல போய் என்னத்தக் காட்டப் போறீங்க?"

மூத்தவர் நூலைத் திறந்து, விரலால் அடிகளைத் தொட்டுக் காட்டினார். தொன்மொழி அவள் அறியாள். ஆயினும் காட்டியவரின் விரல் அவ்வடிகளைவிட்டு அகலாததை அறிந்தாள். சற்று நேரம் நூலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

அவள் வழிவிட்டாள். "பேச முடியாது, தொண்டையில குழாய் வெச்சிருக்காங்க. எழுதித்தான் காட்டுவாரு. ரொம்ப நேரம் அலட்டாதீங்க," என்றாள்.

கட்டிலில் கிடந்தவரைக் கண்டு, இவர் வேறு யாரோ என்று மூத்தவர் ஒருகணம் மயங்கினார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கழுத்துத் தோல் தீய்ந்து கறுத்திருந்தது. கண்கள் மட்டும் பழைய எறும்பின் கண்கள். அவை அண்ணனைக் கண்டு வியக்கவுமில்லை, வெறுக்கவுமில்லை. அவர் கையிலிருந்த நூலின் மேலட்டையிலேயே நின்றன. மூத்தவர் உரிய பக்கத்தைத் திறந்து தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்தார். இளையவர் மூக்குக்கண்ணாடியைச் சுட்டினார், மனைவி அணிவித்தாள். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். மூன்றாம் முறை விரலால் ஒவ்வொரு சொல்லாய்த் தொட்டுக்கொண்டே போய், பன்னிரண்டாம் இடத்தில் நிறுத்தினார். பிறகு தாளும் எழுதுகோலும் கேட்டு வாங்கி, முதன்முதலில் எழுதியது என்ன என்று நினைக்கிறீர்கள்? 'எந்தப் பதிப்பு?'

"முதல் அச்சுடா. நூத்துப் பத்து வருஷத்துக்கு முந்தினது."

இளையவரின் கண்கள் மேற்கூரையில் எதையோ தேடின. 'படித்துறைத் தெரு நூலகம். இருபத்தேழு வயது. வெளியே மழை. மூடும் நேரம் என்று விளக்கை அணைத்துவிட்டார்கள், அதனால் மூலையில் குறிக்கவில்லை' என்று எழுதினார். எழுத்துகள் சிதறியிருந்தன, ஆனால் ஒன்றும் மறக்கப்படவில்லை. அந்நூலகம் பின்னொரு வெள்ளத்தில் அழிந்ததை மூத்தவர் அறிவார்.

"மன்னிச்சிடுடா. நான் உன்மேல துப்பியிருக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னால..."

இளையவர் கையமர்த்தினார். பஞ்சால் உதட்டை நனைக்கச் செய்து, நெடுநேரம் ஓய்ந்திருந்து, பின்பு மெல்ல மெல்ல ஒரு பக்கம் முழுவதும் எழுதினார். 'உமிழ்ந்ததை அன்று மாலையே கழுவிவிட்டேன் அண்ணா. அது போய்விட்டது. ஆனால் இல்லாததை எழுதினவன் என்றீர்கள். நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள் என்று சிறுவயது முதல் நம்பியவன் நான். ஆகவே நான்தான் அவ்வடிகளைக் கனவில் கண்டு எழுதிவிட்டேன் போலும் என்று முடிவு செய்தேன். மறைநூலில் பொய் கூட்டியவன் அதை மறுபடி தொடலாகாது என்று தொடாமலிருந்தேன். வேறு எவற்றையெல்லாம் இப்படிக் கனவில் எழுதினேனோ என்று எட்டாண்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.'

அண்ணன் படித்து முடித்த தாளை மனைவி வாங்கிப் படித்தாள். "இதனாலதானா? கண்ணு வலிக்குது, படிக்க முடியலன்னு எங்கிட்ட சொன்னீங்களே! நான் அதுக்குச் சொட்டு மருந்தெல்லாம் வாங்கி ஊத்தினேனே!" என்று கேட்டாள். இளையவர் குற்றம் பிடிபட்ட பிள்ளையைப்போல் மெல்லச் சிரித்தார். மூத்தவர் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அறுபத்தாறு அகவையில் அப்படி அழுவது அவர்க்கே புதிது. மன்னித்தேன் என்னும் ஒரு சொல்லை அவர் அன்று முழுவதும் எதிர்பார்த்திருந்தார். அதை இளையவர் எழுதவில்லை. எழுதமாட்டேன் என்றும் காட்டவில்லை. நூலை மார்பின்மேல் வைத்துக்கொண்டு உறங்கிப்போனார்.

அடுத்த நாளும் மூத்தவர் வந்தார். இளையவர் அன்றெல்லாம் நூலையே படித்துக்கொண்டிருந்தார். எட்டாண்டுப் பசிக்காரர் ஆயிற்றே. மூன்றாம் நாள் மூத்தவர் பன்னிரண்டு அட்டைகளையும் எடுத்துவந்தார். பன்னிரண்டாவது புதிதாய் அவர் கையால் எழுதியது. அடி சரியாயிருந்தது, பதிப்பின் குறிப்பு மூலையில் பெரிதாய் இருந்தது, கையொப்பமிடும் இடம் வெறுமையாய்க் காத்திருந்தது. பொருள் என்னும் இடத்தில் அவர் இரவெல்லாம் எண்ணி, 'இரக்கம், ஈர நெஞ்சம், தாயன்பின் அடையாளம்' என்று அழகுற எழுதியிருந்தார். தம்பி மகிழ்வான் என்று நினைத்தார். இளையவர் படித்துவிட்டு, எழுதுகோலை வாங்கி, அம்மூன்றையும் ஒரே கோட்டால் அடித்தார். பக்கத்தில், 'வாயில் ஊறும் நீர்' என்று எழுதினார்.

"அவ்வளவுதானாடா? அந்தத் தாய் செஞ்சது?"

இளையவர் மற்றப் பதினோர் அட்டைகளையும் கேட்டார். முதல் அட்டையில் 'இகழ்ச்சி' என்றிருந்ததை அடித்து, அதே சொற்களை எழுதினார். இரண்டாவதிலும் அடித்தார். மூன்றாவதில் கை சோர்ந்தது. தாளை எடுத்து, 'எல்லாவற்றிலும் இதுவே. சொல் ஒரு குற்றமும் செய்யவில்லை. செய்தவர்கள்தாம் வேறு வேறு' என்று எழுதினார். மூத்தவர் அதைப் படித்துத் தலைகுனிந்தார். பல்லாண்டு அவைகளில் மாலை பெற்ற தம் கட்டுரை சரிந்து விழுந்தது அவ்வொரு வரியில்தான். எனினும் அதற்காக அவர் வருந்தவில்லை. தாம் வாழ்நாளெல்லாம் ஒரு சொல்லின் தலையில் ஏற்றிவைத்த பழி தம்முடையதுதான் என்று அப்போது அவர்க்குத் தெரிந்தது.

அவர் பன்னிரண்டாம் அட்டையை நீட்டி, கையொப்பமிடும் இடத்தைக் காட்டினார். இளையவர் எழுதுகோலை அதன்மேல் கொண்டுபோய், தம் விரல்கள் ஆடுவதைப் பார்த்து, எடுத்துவிட்டார். 'நாளை. இப்போது கோணலாக வரும்' என்று எழுதினார். திருத்தமாய் எழுதுவதில் அவர்க்கு எப்போதும் ஒரு பிடிவாதம் உண்டு. நான்காம் நாள் விடியலில், செவிலி படுக்கைவிரிப்பு மாற்ற வந்த வேளை, இளையவரின் மூச்சு நின்றது. மூத்தவர் பாலத்தின் நடுவே வந்துகொண்டிருந்தார்.

அட்டை கையொப்பமின்றிச் சொல்வீட்டுக்குத் திரும்பியது. உடன்பிறந்தவர்தானே, நீங்களே இட்டுவிடுங்கள் என்றனர் சிலர். அச்சகத்தார் காத்திருக்கிறார்கள், ஒழுங்கைச் சற்றே தளர்த்தினால் என்ன என்றனர் சிலர். "அவன் கை படவேண்டிய எடத்துல என் கை படக்கூடாது," என்று மூத்தவர் மறுத்துவிட்டார். அவ்விடத்தை விட்டுவிடவும் அவர்க்கு மனமில்லை. முப்பதாண்டில் முதன்முறையாக, அடியில் வெறுமையோடு ஓர் அட்டை அச்சுக்குப் போயிற்று. எஞ்சிய ஒன்பது அட்டைகளிலும் 'இகழ்ச்சி' என்பதை அவரே அடித்து, தம்பி எழுதிய மூன்று சொற்களையே எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அறிஞர் அவைக்கும் எழுதினார். அவர்கள் மறுமொழி எழுதவில்லை, பெரும்பாலோர் இறந்துபோயிருந்தனர்.

மூன்று திங்கள் கழித்து, அச்சு மணம் மாறாத ஏழாம் தொகுதியுடன் மூத்தவர் தம்பியின் வீட்டு மாடிப்படி ஏறினார். செருப்புத் தைப்பவரின் கடைக்கு மேலே இரண்டே அறைகள். இளையவரின் மனைவி, கணவனின் உடுப்புகளைப் பிறர்க்குக் கொடுப்பதற்காக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இம்முறை "வாங்க மாமா, உக்காருங்க," என்றாள். நூலை வாங்கி, அவர் காட்டிய பக்கத்தைப் பார்த்தாள்.

"இதுல அவர் பேரு எங்க இருக்கு?"

"அகராதியில கண்டெடுத்தவங்க பேரு வராதும்மா. இடம் மட்டுந்தான் வரும்."

"உங்க பேரு?"

"மொத பக்கத்துல இருக்கு. வேண்டாம்னேன். வழக்கம்னு போட்டுட்டாங்க."

அவள் முதற்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. நூலை மூடி, மடித்த உடுப்புகளின்மேல் வைத்தாள். "உங்கமேல எனக்கு இன்னும் கோவந்தான் மாமா. ஆனா ஒண்ணு சொல்லணும். கடைசியில அவரு நிம்மதியா போனாரு. எட்டு வருஷம் தன்னைப் பொய்யன்னு நெனச்சுட்டே இருந்தாரு. மூணே மூணு நாள் அப்படி நெனைக்காம இருந்தாரு. அந்த மூணு நாளும் நீங்க கொண்டாந்து குடுத்ததுதான்."

அந்நன்றியைப் பெற்றுக்கொண்டு அவர் எழுந்து போயிருக்கலாம். அவள் அறியப்போவதில்லை, வேறெவரும் அறியார். ஆனால் இல்லாததை உண்டென்று கூட்டுவது பொய்யாயின், உள்ளதை மறைப்பதும் அதுவே என்று அவர் நெஞ்சு இடித்தது.

"அஞ்சு நாளா இருந்திருக்கணும்மா," என்றார்.

"என்னது?"

"அந்தப் புஸ்தகம் எனக்கு ரெண்டு நாள் முந்தியே கெடைச்சிருச்சு. அவன் ஆஸ்பத்திரியில இருக்கறது தெரியாது. தெரியாதுன்னாலும்... மேசையில வெச்சுப் பூட்டியிருந்தேன். வர வெக்கமா இருந்துச்சு."

அவள் ஒரு சட்டையை எடுத்து உதறி, கைகளை உள்மடித்து, கழுத்தை நேராக்கி, மற்றவற்றின் அருகே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். மூத்தவர் இன்னும் அங்கே நிற்பதை மறந்தவள் போல் மடித்துக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் நின்றபின் அவர் படியிறங்கினார்.

படிப்பவரே, அவ்விரண்டு நாளும் மற்ற நாள்களைப்போலவே விடிந்தன. படகுகள் துறைக்கு வந்தன, பொதிகள் இறங்கின, சொல்வீட்டில் பேழைகள் திறந்து மூடப்பட்டன. ஆற்றுக்கு அப்பால் நான்காம் தளத்துக் கட்டிலில் ஒருவர் காலையில் தம்மைப் பொய்யர் என்று எண்ணி விழித்து, இரவில் பொய்யர் என்று எண்ணியே கண்மூடினார். அவர் பொய்யரல்லர் என்பதற்குச் சான்று பாலத்துக்கு இப்பால் ஓர் இழுவறைக்குள் கிடந்தது. பிழையால் விளைந்த எட்டாண்டுகளை மூத்தவர் காலப்போக்கில் பொறுத்துக்கொள்ளக் கற்றார் என்பர். அறிந்தே வீணாக்கிய அவ்விரண்டு நாளை அவர் தம் இறுதிவரை பொறுத்துக்கொள்ளவில்லை.